இருபத்தைந்தரை அந்தர்

தெல்தெனியவைத் தாண்டி மலையில் ஏறத் தொடங்கியதும் லொறியின் இன்ஜின் சத்தம் மாறியது. கிறகரிக்கு அது உறைக்கவில்லை. ஓட்டிக்கொண்டிருந்த சாஹுல் ஹமீதுக்கு உறைத்தது. கியரை இறக்கிப் பார்த்தார், மறுபடியும் இறக்கிப் பார்த்தார். பிறகு பாதையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்:

“கிளாக்கர், பெட்டி எத்தின அந்தர்னு சென்னீங்க?”

“இருபத்தஞ்சரை.”

“நல்லாப் பாத்துத்தானே சென்னீங்க?”

“பெட்டியிலயே எழுதியிருக்கு நானா. ரெண்டாயிரத்து எண்ணூத்தம்பது. நூத்திப் பன்னெண்டால பிரிச்சா இருபத்தஞ்சரைக்கு ஒரு பொட்டுக் குறையும். கணக்குல பிழ வராது.”

ஹமீது மறுபடியும் கியரில் கை வைத்தார். அந்தர் ஒன்றுக்கு நூற்றுப் பன்னிரண்டு றாத்தல் என்பது அவருக்கும் தெரிந்த கணக்குத்தான். ஆனால் லொறி வேறொரு கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தது.

பின்தட்டில் ஏற்றியிருந்தது ஜெர்மனியிலிருந்து வந்த எண்ணெய் இன்ஜின். ஹுன்னஸ்கிரியவுக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்தில் தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குப் போகிறது. கப்பலில் கொழும்புக்கு வந்து, ரயிலில் கண்டிக்கு வந்து, கூட்ஸ் ஷெட்டில் கிரேன் தூக்கி லொறியில் வைத்தது. மனிதத் தோள் எதுவும் அதைத் தொடவில்லை. முழு வேகன் பாரம் என்று ரயில்காரர்கள் பதிந்திருந்ததால் பெட்டியின் நிறையைத் தனியாக யாரும் நிறுத்துப் பார்க்கவுமில்லை. மரப்பலகையில் கறுப்பு மையால் அச்சடித்திருந்த எண்ணைப் படித்து, அதை அந்தராக மாற்றி, “தாராளமாப் போகலாம்” என்று சொன்னது கிறகரிதான்.

அது நடந்தது ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தெட்டாம் ஆண்டு, ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த காலம். கிறகரி கண்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், தோட்டங்களுக்குச் சாமான் அனுப்பும் கம்பனியில் கிளாக்கர். பன்வில பக்கத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவரின் மகன். டவுனில் பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்து மேசை உத்தியோகத்துக்கு வந்தவன். அவன் வாயிலிருந்து ஒரு நிறை வந்தால் கூட்ஸ் ஷெட்டில் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால் அந்த மாதம் பெருமையை விடப் பயம்தான் அதிகமாக இருந்தது. காலித் தேயிலைப் பெட்டிகளை வேறு தோட்டத்துக்கு மாற்றி அனுப்பிவிட்டான் என்று பக்கத்து மேசைக்காரனை மனேஜர் ஒரே பேச்சில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். கிறகரியின் மனைவி கத்தரீனாவுக்கோ இது எட்டாம் மாதம்.

பாரமான சாமான் போனால் கிளாக்கர் கூடவே போய் ஒப்படைக்க வேண்டும் என்பது கம்பனி வழக்கம். அதனால்தான் அவன் லொறியின் முன்னிருக்கையில் இருந்தான். பின்னால், பெட்டிக்கும் லொறியின் பலகைக்கும் நடுவே கிடைத்த சந்தில், ஹமீதின் தங்கை புருஷன் மக்கீன் ஒரு முட்டுக்கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லொறி திணறும் இடங்களில் குதித்திறங்கிச் சக்கரத்துக்குப் பின்னால் அந்தக் கட்டையோடு நடப்பது அவன் வேலை. அன்று அவன் ஏறி உட்கார்ந்ததை விட நடந்ததுதான் அதிகம்.

மலைத் தண்ணீர் கொட்டும் ஒரு பீலிக்குப் பக்கத்தில் ஹமீது லொறியை நிறுத்தினார். ரேடியேட்டரிலிருந்து ஆவி சீறியது. மக்கீன் தகரத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனான். கிறகரி இறங்கிக் காலை நீட்டலாம் என்று கதவைத் திறந்தான். காலடியில் இருந்த சின்னப் பெட்டி இடித்தது. இன்ஜினோடு வந்த ஆணி, திருகாணி எல்லாம் அதற்குள். கண்டியில் ஒரு போர்ட்டர் அதைக் கொண்டுவந்து வைத்திருந்தான். கிறகரி குனிந்து ஒரு கையால் அதை ஒதுக்கப் பார்த்தான். பெட்டி நகரவில்லை.

இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தான். வைத்த பிறகும் கை அந்தப் பாரத்தை மறக்கவில்லை. கூட்ஸ் ஷெட் தராசில் கால் அந்தர்ப் படிக்கல்லைத் தினமும் தூக்கி வைப்பவன் அவன். இருபத்தெட்டு றாத்தல் எப்படி இருக்கும் என்று அவன் முழங்கைக்குத் தெரியும். இது அதை விட ஒரு சொட்டுத்தான் குறைவு. ஆனால் பெட்டியின் பக்கத்தில் அச்சடித்திருந்தது பன்னிரண்டு. பன்னிரண்டுக்குப் பக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்து: கே, ஓ.

அதே இரண்டு எழுத்துப் பெரிய பெட்டியிலும் இருந்தது. கண்டியில் பார்த்தபோது அதைக் கொழும்பு என்றுதான் அவன் நினைத்தான். ஜெர்மன்காரன் சி போட வேண்டிய இடத்தில் கே போட்டுக் கொழும்பைச் சுருக்கி எழுதியிருக்கிறான் என்று கிரேன்காரனிடம் சொல்லிச் சிரித்ததும் ஞாபகம் வந்தது.

கொழும்பு இல்லை. கிலோ.

பள்ளிக்கூடத்தில் இத்தாலியப் பாதிரியார் ஒருவர் கணக்குப் படிப்பித்தார். எங்கள் ஊரில் றாத்தல் கிடையாது, கிலோதான் என்று சொல்லி, மாற்றுவதற்கு ஒரு சுருக்கு வழியும் காட்டிக்கொடுத்தார். இரட்டித்துக்கொள், வந்ததில் பத்தில் ஒன்றைச் சேர். பன்னிரண்டை இரட்டித்தால் இருபத்து நாலு. அதில் பத்தில் ஒன்று சேர்த்தால் இருபத்தாறுக்கு மேல். கை சொன்னதும் அதுதான்.

கிறகரி அண்ணாந்து பின்தட்டைப் பார்த்தான். பெரிய பெட்டியின் எண்ணை இரட்டித்தான். ஐயாயிரத்து எழுநூறு. இன்னும் ஐந்நூற்று எழுபது. மொத்தம் ஆறாயிரத்து இருநூற்று எழுபது றாத்தல். ஐம்பத்தாறு அந்தர்.

இரண்டு தொன் ஏற்றுகிற லொறியில் கிட்டத்தட்ட மூன்று தொன் உட்கார்ந்திருந்தது. அதுவாவது பரவாயில்லை, இத்தனை தூரம் வந்துவிட்டது. தோட்டத்துப் பாதையில் ஓயாவுக்கு மேலே ஒரு பாலம் இருக்கிறது. இரும்புச் சட்டத்தில் பலகை அடித்த பழைய பாலம். நான்கு தொன்னுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் பலகை மாட்டியிருக்கிறார்கள். லொறியின் நிறையையும் பெட்டியின் நிறையையும் கூட்டிப் பார்த்து, நான்கு தொன்னுக்குள்தான் வருகிறது என்று ஹமீதுக்குச் சொன்னதும் அவன்தான். இப்போது கூட்டினால் ஐந்தைத் தாண்டியது.

“கிளாக்கர், என்ன, தல சுத்துதா?” ஹமீது தண்ணீரை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

“இல்ல நானா. ஒண்ணுமில்ல.”

அந்த வார்த்தை எப்படி வாயிலிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. வந்துவிட்டது. லொறியில் ஏறி உட்கார்ந்தான். கதவைச் சாத்தினான்.

லொறி நகர்ந்தது. சொல்லத்தான் போகிறேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். முதலில் நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். சின்னப் பெட்டிக்குள் யாராவது கூடுதலாக எதையாவது போட்டிருக்கலாம். கே, ஓ என்றால் வேறு ஏதாவது இருக்கலாம். இந்த இடத்தில் லொறியைத் திருப்பவும் முடியாது. திரும்பிப் போனால் மனேஜருக்கு என்ன சொல்வது? நிறை தெரியாத கிளாக்கர் எதற்கு என்று கேட்பார். கத்தரீனாவின் முகம் வந்து நின்றது. ஒரு வளைவு போனது. இன்னொரு வளைவு. மக்கீன் பின்னாலிருந்து ஏதோ பைத்துப் பாட்டுப் படித்துக்கொண்டு வந்தான். காற்றில் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை.

பெரிய ரோட்டை விட்டுத் தோட்டத்துப் பாதைக்குத் திரும்பினார்கள். மழைத் தூறல் பிடித்தது. பாதை ஒரு பக்கம் மண்மேடு, மறு பக்கம் தேயிலைச் சரிவு. ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கியது. ஹமீது நிம்மதியாக மூச்சு விட்டார்.

“இனி இன்ஜினுக்கு வேல இல்ல. பாலத்தத் தாண்டினா ஸ்டோருதான்.”

கீழே, தேயிலைச் செடிகளுக்கு நடுவே பாலம் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் சாக்கைத் தலையில் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்டு ஸ்டோர் ஆட்கள் இன்ஜினுக்காகக் கூட்டமாகக் காத்து நின்றார்கள். ஓயா செம்மண் நிறத்தில் நுரைத்து ஓடியது.

“நானா, நிப்பாட்டுங்க.”

“என்ன?”

“நிப்பாட்டுங்க! பெட்டி இருபத்தஞ்சரை இல்ல. ஐம்பத்தாறு. ஐம்பத்தாறு அந்தர்!”

ஹமீது திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் கோபம் இல்லை, நம்பாமை இல்லை. மலையேறத் தொடங்கிய நேரத்திலிருந்து லொறி சொல்லிக்கொண்டு வந்ததை இப்போது ஒரு மனிதன் சொல்கிறான் என்கிற புரிதல் மட்டும் இருந்தது. காலால் பிரேக்கை மிதித்தார். கைப்பிரேக்கை இழுத்தார். லொறி வேகம் குறைந்தது, நிற்கவில்லை. நனைந்த மண்ணில் சக்கரங்கள் சறுக்கிக்கொண்டு கீழே போயின.

“நிப்பாட்டேலா! பாரம் தள்ளுது!” என்று கத்தினார். பிறகு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “மக்கீன்! முன்னுக்குக் கட்டயப் போடு! முன்னுக்கு!”

மக்கீனுக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது. ஆனாலும் குதித்தான். லொறிக்குப் பக்கத்தில் ஓடி, முன்சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டையை எறிந்தான். சக்கரம் அதில் ஏறி இறங்கியது. கட்டை தெறித்தது. அவன் அதை மறுபடியும் எடுத்துக்கொண்டு ஓடினான். பாலத்து ஆட்கள் கையை ஆட்டிக் கத்துவது கிறகரிக்குக் கேட்டது. வாருங்கள் என்கிறார்களா, வேண்டாம் என்கிறார்களா, புரியவில்லை. பலகையில் எழுதியிருந்த நான்கு என்ற எண் பெரிதாகிக்கொண்டே வந்தது.

“ஐயா, கெட்டியாப் புடிச்சிக்கோங்க,” என்றார் ஹமீது. சத்தம் போடவில்லை. ஸ்டியரிங்கை முழுப் பலத்தோடு மண்மேட்டுப் பக்கம் ஒடித்தார்.

மக்கீன் அந்த நேரத்தில் இரண்டாம் தடவை கட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டிருந்தான்.

லொறியின் மூக்கு மண்மேட்டில் மோதியது. இடது முன்சக்கரம் தண்ணீர்க் கானுக்குள் இறங்கியது. பெட்டி முன்னால் வழுக்கி வந்து பலகையை உடைத்துக்கொண்டு நின்றது. கிறகரியின் நெற்றி கண்ணாடிச் சட்டத்தில் இடித்தது. எல்லாம் ஓய்ந்த பிறகு தூறல் கூரையில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அதற்கப்புறம்தான் மக்கீனின் அலறல்.

அவனுடைய வலது பாதம் கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவே மாட்டியிருந்தது.

பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவர் ஸ்டோர் வேலைகளை நடத்தும் டீமேக்கர் பற்றிக். அவரும் கிறகரியும் ஒரே மாதாகோயில்காரர்கள். “என்னங்க கிறகரி, என்னாச்சு? பாலத்துக்கு முன்னுக்கு வந்து ஏன் மேட்டுல ஏத்தினீங்க?” என்று கேட்டுக்கொண்டே வந்தவர் மக்கீனைப் பார்த்ததும் வாயடைத்துப் போனார். பிறகு மண்வெட்டி கேட்டுக் கத்தினார். சக்கரத்துக்கு அடியில் மண்ணைத் தோண்டித்தான் காலை எடுக்க முடிந்தது. ஹமீது மச்சானின் தலையை மடியில் வைத்துக்கொண்டு “யா அல்லாஹ், யா அல்லாஹ்” என்று முனகினார். கிறகரி தன் கோட்டைக் கழற்றிப் பாதத்தைச் சுற்றினான். யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காதது இன்னும் பயமாக இருந்தது.

தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை தன் காரில் பாலத்தைத் தாண்டி வந்தார். இறங்கி லொறியைச் சுற்றிப் பார்த்தார். லொறி கெட்டது, ஆளின் கால் நசுங்கியது, இன்ஜின் நடுவழியில் கிடக்கிறது, இதற்கெல்லாம் யார் காரணம் என்று இங்கிலீஷில் கேட்டார். கிறகரி முன்னால் போனான். பெட்டியின் நிறையைத் தான் றாத்தல் என்று தவறாகப் படித்ததைச் சொன்னான், பாலம் தாங்காது என்று நினைத்து லொறியை நிறுத்தச் சொன்னதையும் சொன்னான். எப்போது தெரிந்தது என்று மட்டும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

தொரை பெட்டிக்குப் பக்கத்தில் போய் அந்த இரண்டு எழுத்தைப் பார்த்தார். யுத்த காலத்தில் பிரான்சில் இருந்தவர் அவர். கிலோ என்றால் என்ன என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கி, நான்கு என்று எழுதினால் ஆறு தாங்கும், பயந்தவன் ஒருவனால் இத்தனை நட்டம் என்றார். சொன்னாரே ஒழிய, பெட்டியை உடைத்துத் துண்டு துண்டாகக் கொண்டுபோகும்படிதான் பற்றிக்குக் கட்டளையிட்டார்.

அன்று பின்னேரம் வரைக்கும் அந்த வேலை நடந்தது. பெரிய சக்கரத்தைத் தனியே கழற்றிக் கயிறு கட்டி உருட்டினார்கள். அடித்தளத்தை உருளைக் கட்டைகள் மேல் வைத்து, நாற்பது பேர் இழுத்தார்கள். அது பாலத்தின் நடுவுக்கு வந்தபோது பலகைகள் முறுகிய சத்தத்தில் ஆட்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பற்றிக் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக இழுத்தார்கள். பாலம் தாங்கியது. லொறியோடு சேர்த்து முழுப் பாரமும் ஏறியிருந்தால் தாங்கியிருக்குமா என்று அன்றைக்கும் யாருக்கும் தெரியாது, பிறகும் யாருக்கும் தெரியவில்லை.

இதையெல்லாம் கிறகரி பார்க்கவில்லை. தொரை தன் காரைக் கொடுத்ததில், அவனும் ஹமீதும் மக்கீனைத் தெல்தெனிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். டாக்டர் உள்ளே இருந்தபோது இருவரும் வராந்தாவில் ஒரே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். ஹமீதின் சாரம் முழுக்க மண்ணும் இரத்தமும். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“பீலிக்கிட்ட ஒங்கட மொகம் மாறிச்சு. நான் கண்டேன். சொகமில்லயாக்கும்னு நெனச்சேன்.”

கிறகரி தன் கையில் காய்ந்திருந்த இரத்தத்தைத் தேய்த்தான்.

“அங்க வெச்சுச் சென்னீங்கன்டா, அங்கயே நிப்பாட்டி வெச்சிருப்பேன். மேடு. கட்டயப் போட்டா நிண்டிருக்கும்.” அவர் குரலை உயர்த்தவில்லை. “சரி. மச்சான் பொழச்சா அது போதும்.”

மக்கீன் பிழைத்தான். மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். பாதம் கோணிப்போனது. கம்பனியில் மனேஜர் கத்தினார், மேசையில் அடித்தார். கடைசியில் கிறகரியை வீட்டுக்கு அனுப்பவில்லை. ஐந்து தொன்னைக் கடந்த பாரம் பாலத்தில் ஏறியிருந்தால் கம்பனியின் கதி என்னவாகியிருக்கும் என்று தொரையே எழுதி அனுப்பியிருந்தாராம். சொன்னால் தொலைந்துவிடும் என்று லொறியில் அவன் பயந்த உத்தியோகம் அப்படியே இருந்தது. வீட்டில் கத்தரீனா அதற்காக மெழுகுதிரி கொளுத்தினாள். கிறகரிக்குச் சோறு இறங்கவில்லை.

மக்கீன் வீடு திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிறகரி பஸ் ஏறி மக்கீனின் ஊரான கலகெதரவுக்குப் போனான். ரோட்டோரத்திலேயே வீடு. முன்னறையில் மக்கீன் காலை ஒரு கதிரையில் தூக்கிப் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தான். பார்க்க வந்த ஊரார் சிலர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஹமீதும் இருந்தார். கிறகரியைக் கண்டதும் மக்கீன் முகம் மலர்ந்தது.

“வாங்க, வாங்க! இவருதான் நான் சென்ன கிளாக்கர் ஐயா. இவரு மட்டும் கத்தல்லன்டா, பாலத்தோட நாங்க மூணு பேரும் ஓயாவுல போயிருப்போம். மௌத்துதான். எனக்கிப் போனது வெரல் மட்டும்.”

ஊரார் கிறகரியை மரியாதையோடு பார்த்தார்கள். ஒருவர் எழுந்து கதிரையைக் கொடுத்தார். ஹமீது ஜன்னல் பக்கம் பார்த்தார். அந்த மனிதர் யாரிடமும் எதையும் சொல்லவில்லை என்பது கிறகரிக்கு அப்போது விளங்கியது. தங்கைக்குக்கூடச் சொல்லவில்லை. கதவுத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து மக்கீனின் மனைவி கைரியா ஒரு தட்டில் தேத்தண்ணியை நீட்டினாள். யாரோ வாங்கி அவன் கையில் கொடுத்தார்கள்.

ஊரார் போகும்வரை அவன் கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தான். கடைசி ஆள் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கியதும் சொன்னான்:

“மக்கீன், எனக்குப் பாலத்துக்கிட்ட வெச்சுத் தெரியல. பீலிக்கிட்டயே தெரிஞ்சிருச்சு. சொல்லாம வந்தேன்.”

மக்கீனின் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் தங்கி நின்றது. பிறகு மச்சானைப் பார்த்தான். ஹமீது தலையை மட்டும் அசைத்தார்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து கைரியாவின் குரல் வந்தது. “பீலியிலேந்து பாலத்துக்கு ரெண்டு மைல்கட்ட தூரம் ஈக்கும். அம்பட்டுத் தூரமும் என்னத்த யோசிச்சிட்டு வந்தீங்க?”

“என் உத்தியோகத்த,” என்றான் கிறகரி.

ரோட்டில் குருணாகல் பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டு, அடுப்படிப் பக்கம் போய் அடங்கியது. மக்கீன் தன் கட்டுப்போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி, கதிரையில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தான். அவன் முகத்தில் கோபம் வரும் என்று கிறகரி காத்திருந்தான். வந்தது களைப்பு.

“இத நீங்க செல்லாம ஈந்திருக்கலாம்,” என்றான் மக்கீன். “எனக்கி அது லேசா ஈந்திச்சு.”

“தெரியும்.”

“அப்ப என்னத்துக்குச் சென்னீங்க?”

கிறகரி கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு எழுந்தான். வாசலில் இறங்கும்போது, “மழைக்கு முந்திப் போய்ச் சேருங்க,” என்று மட்டும் மக்கீனின் குரல் பின்னாலிருந்து கேட்டது.

ஹமீது ரோடு வரைக்கும் கூட வந்தார். பஸ்ஸுக்காக இருவரும் ஒரு கடைத் தாழ்வாரத்தில் நின்றார்கள். லொறி இன்னும் பட்டறையில் கிடப்பதாகவும் அடுத்த கிழமை கிடைத்துவிடும் என்றும் சொன்னார்.

“ஒங்கட கம்பனியில பன்விலக்கி ஏதோ சாமான் ஈக்குன்னு சென்னாங்க.”

“இருக்கு நானா. கொதிகலன் குழாய்.” கிறகரி தயங்கினான். “வேற லொறி பாக்கணுமா?”

ஹமீது சாரத்தை இழுத்து இறுக்கிக் கட்டினார்.

“ஏத்துவம். ஆனா நீங்க செல்ற நெறயக் கேக்க மாட்டேன். ஷெட்டுக்கு வாறேன். தராசுல வெச்சு என்ட கண்ணு முன்னுக்கு நிறுங்க.”

“சரி,” என்றான் கிறகரி. கண்டிப் பக்கம் போகும் பஸ் வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.